பியூட்டர் ஹெரனுக்கு நான் மிருதங்கம் வாசித்த கதை

எனக்கு மிருதங்கம் வாசிக்கத் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை உரிய நேரத்தில் உரிய ஆளிடம் சொல்லியிருந்தால், ஹவுன்ஸ்லோவில் ஒரு சர்ச் ஹாலில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு அந்த மரியாதை நடந்திருக்காது. நான் சொல்லவில்லை. பொய்யன் என்பதால் அல்ல. (அதுவும் கொஞ்சம் உண்டு.) என்னால் சும்மா இருக்க முடியாது, அதுதான் காரணம்.

பஸ் நிறுத்தத்தில் மூன்று நிமிடம் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடலாம் என்று கிளம்புவேன். இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவில் நான் இருக்கும்போது பஸ் என்னைத் தாண்டிப் போகும். அப்படித் தாண்டிப் போன பஸ்களின் பின்பக்க விளம்பரங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். உட்கார்ந்தால் கால் ஆடும், காலைப் பிடித்தால் விரல் மேஜையில் தாளம் போடும். விரலையும் அடக்கினால் வாய் திறந்துகொள்ளும். பேச்சுக்கு நடுவே ஒரு விநாடி மௌனம் விழுந்தால் அதை நிரப்புவது என் கடமை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது அது.

அப்போது எனக்கு இருபத்தேழு. திருச்சியிலிருந்து லண்டன் வந்து ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக வேலை. ஹவுன்ஸ்லோவில் சிவம் அண்ணை வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கே வந்து எலெக்ட்ரீஷியனாக வேலை பார்ப்பவர். அவர் மனைவி பவானி அக்காவுக்கு விமான நிலையத்தில் ஒரு கடையில் ஷிப்ட் வேலை. இருவரும் என்னை வாடகைக்கு இருப்பவனாக நினைக்காமல், திருத்த முடியாத ஒரு தம்பியாக நினைத்தார்கள்.

என் முதல் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மழைக்கு ஒதுங்கிய பழைய சாமான் கடையில் அந்த இசைத்தட்டு கிடைத்தது. அட்டையில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு நாரை. பியூட்டர் ஹெரன் என்பது குழுவின் பெயர். தமிழில் சொன்னால் ஈய நாரை. என்னிடம் ரெக்கார்ட் பிளேயர் கிடையாது. அந்த நாரையைப் பிடித்துப் போனதற்காகவே பிறகு ஒன்று வாங்கினேன்.

எழுபதுகளில் இங்கிலாந்தில் நாட்டுப்புறப் பாட்டை எடுத்து ராக் இசையோடு கோத்து, அதையும் சும்மா விடாமல் நீட்டி, மடக்கி, தாளத்தை மாற்றி மாற்றிப் போட்டு வாசித்த குழுக்கள் பல இருந்தன. சில புகழ் பெற்றன. பியூட்டர் ஹெரன் பெறவில்லை. இரண்டே இரண்டு இசைத்தட்டுகள் போட்டார்கள், யாரும் வாங்கவில்லை, கலைந்துவிட்டார்கள். அவர்களின் பெரிய பாட்டு ‘டாட்டர் ஆஃப் தி வியர்’. ஒரு பெண் தன் சீப்பைத் தேடி ஆற்றுத் தடுப்பணைக்குப் போகிறாள். பத்தொன்பது நிமிடம் தேடுகிறாள். சீப்பு கிடைப்பதில்லை. கதை அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் குரல்! பாடகியின் பெயர் வின்னி தார்ப். யாருக்கும் கேட்க வேண்டும் என்று பாடுகிற குரல் இல்லை அது. பக்கத்து அறையில் யாரோ துணி மடித்துக்கொண்டே பாடுவது போலிருக்கும், சட்டென்று ஓரிடத்தில் அந்தக் குரல் கதவைத் திறந்துகொண்டு நேரே நம் முன்னால் வந்து நிற்கும். அலுவலகத்தில் யாரும் என்னோடு சாப்பிட உட்காராத அந்த முதல் குளிர்காலத்தை நான் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தாண்டினேன். ஒவ்வொரு நாளும் கேட்டேன். கீழ்வீட்டில் சிவம் அண்ணையும் வேறு வழியில்லாமல் கேட்டார்.

“தம்பி, இந்த அம்மாவுக்கு என்ன வருத்தம்?” என்று ஒருநாள் விசாரித்தார். (யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய்.)

“சீப்பு தொலைஞ்சு போச்சு அண்ணை.”

“அதுக்கே இவ்வளவு நேரம்? ஒண்டு புதுசா வாங்கிறதுதானே?”

இரண்டு வருடம் கழித்து ஒரு வசந்த கால மாலையில் ஹவுன்ஸ்லோ நூலகத்துக்குப் போனேன். அறிவிப்புப் பலகையின் முன்னால் ஒரு வயதான பெண்மணி ஒரு தாளை மாட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். நீல மழைக்கோட்டு, நரைத்த குட்டை முடி. ஒரு மூலையில் குத்துவார், திருப்தி இல்லாமல் எடுத்து வேறு மூலையில் குத்துவார். என்னைப் போலவே இன்னொரு ஜீவன் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தாளில் ஒற்றைக் கால் நாரை. இத்தனை காலத்துக்குப் பிறகு பியூட்டர் ஹெரன் மறுபடியும் ஒரே ஒரு முறை பாடப்போகிறது என்றும், இடம் பக்கத்துத் தெரு சர்ச் ஹால் என்றும் போட்டிருந்தது.

“நீங்கள் வின்னி தார்ப்!” என்று கத்தினேன். நூலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அவர் திடுக்கிட்டு, “யாரிடம் வாங்கிய கடன் இது?” என்பது போல என்னைப் பார்த்தார். அவரை யாராவது அடையாளம் கண்டு பல ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். நான் சீப்புப் பாட்டின் முதல் இரண்டு பத்திகளை அங்கேயே ஒப்பித்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு பெருமூச்சு விட்டு, தங்கள் டிரம்மர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டதாகவும், தாளம் இல்லாமலே பாட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

ஒரு விநாடி மௌனம் விழுந்தது.

“நான் வாசிப்பேன்,” என்றேன்.

“என்ன வாசிப்பாய்?”

“மிருதங்கம். எங்கள் ஊர் வாத்தியம். சின்ன வயதிலேயே கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.”

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஒன்பது வயதில் தென்னூரில் ஒரு வாத்தியாரிடம் ஆரம்பித்தேன். ஒன்பது வயதிலேயே நிறுத்தியும் விட்டேன், எட்டாவது மாதத்தில். “கை இருக்கு, ஆனா பையன் உக்கார மாட்டேங்கறானே அம்மா,” என்று சொல்லி வாத்தியார் என்னைத் திருப்பி அனுப்பினார். இந்தப் பின்பாதியை வின்னியிடம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “எங்கள் இரண்டாவது ஆல்பத்திலேயே இந்திய டிரம் வைக்க ஆசைப்பட்டோம், ஆள் கிடைக்கவில்லை,” என்றார். அந்தக் கைகளுக்குள் இருந்துகொண்டு உண்மை பேச முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த பிரச்சினை மிருதங்கம். பவானி அக்காவுக்கு அப்டன் பார்க் பக்கம் நடன வகுப்புகளுக்கு வாசிக்கும் பரமு மாஸ்டரைத் தெரியும். லண்டனின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு ரயிலில் போனேன். மாஸ்டர் ஒல்லியாக, நெற்றி நிறையத் திருநீறோடு, ஒரு சோதனை அதிகாரியைப் போல் இருந்தார்.

“ஆரிட்டைப் படிச்சனீர்?”

வாத்தியார் பெயரைச் சொன்னேன்.

“நல்லது. எத்தினை வருசம்?”

எனக்கு இருமல் வந்தது. அது அடங்க நேரமாயிற்று. மாஸ்டர் தண்ணீர் கொடுத்ததில் கேள்வியை மறந்துவிட்டார்.

“கொஞ்சம் வாசிச்சுக் காட்டும், பாப்பம்.”

“ரயிலுக்கு நேரமாச்சு மாஸ்டர்.”

“லண்டனிலை ரயில் மூண்டு நிமிசத்துக்கு ஒண்டு வருது தம்பி.” ஆனாலும் கொடுத்தார். பவானி அக்கா சொன்ன ஆள் என்பதற்காக. “வெறும் நிலத்திலை வைக்கக் கூடாது. வாசிக்க முன்னம் தொப்பியிலை ரவை பிசைஞ்சு அப்ப வேணும், முடிஞ்ச உடனை எடுத்துப்போட வேணும். அது தெரியும்தானே?”

“தெரியும் மாஸ்டர்.”

(தொப்பி என்பது மிருதங்கத்தின் இடது முகம். ஈர ரவையை உருட்டி அதன் நடுவில் அப்பினால்தான் ‘தொம்’ என்று கீழ்நாதம் வரும். இதை என் வாத்தியார் எனக்குச் செய்து தருவார். நான் செய்ததில்லை.)

ஒத்திகை வின்னியின் வீட்டுச் சமையலறையில் நடந்தது. புல்லாங்குழல் டென்னிஸ், கிதார் வாசிக்கும் காலின், இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள், இருவரும் மிக நல்லவர்கள். தரையில் விரித்த கம்பளியில் நான். எனக்குத் தெரிந்தது எட்டு அடி ஆதி தாளத்தில் முதல் பாடம், அதையே மூன்று வேகத்தில். அவர்களின் பாட்டோ ஏழு அடி. ஆனால் நான் என்ஜினீயரிங் படித்தவன். ஏழையும் எட்டையும் பெருக்கினால் ஐம்பத்தாறு. நான் எட்டு எட்டாக ஏழு சுற்று வாசித்தால், அவர்கள் ஏழு ஏழாக எட்டுச் சுற்று முடித்து, ஐம்பத்தாறாவது அடியில் எல்லோரும் சந்தித்துவிடுவோம். நடுவில் ஐம்பத்தைந்து அடிக்கு யார் எங்கே போனால் என்ன? கணக்கு சரியாக இருந்ததால் இசையும் சரியாக இருக்கும் என்று நம்பினேன்.

வாசித்து முடித்தபோது டென்னிஸ், “மிகவும் இன்ட்ரஸ்டிங்,” என்றார். காலின், “வெரி பிரேவ்,” என்றார். வின்னி மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கெட்டிலைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார்.

வீட்டுக்கு வந்து இந்தப் பாராட்டுகளைச் சிவம் அண்ணையிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“தம்பி, நான் இவங்களோடை இருபது வருசமா வேலை செய்யிறன். ‘இன்ட்ரஸ்டிங்’ எண்டால் விளங்கேல்லை எண்டு அர்த்தம்.”

“அப்போ ‘பிரேவ்’?”

“நான் பழைய வயரை வெறுங்கையாலை பிடிச்சாத்தான் எனக்கு அப்பிடிச் சொல்லுவாங்கள்.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அலுவலக மேஜையில் ஏழு ஏழாகத் தட்டிப் பார்த்தேன். ஆறிலேயே அடுத்த சுற்றுக்குப் பாய்ந்தது கை, அல்லது எட்டுக்கு வழுக்கியது. பக்கத்து இருக்கைக்காரி வேறு மாடிக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு, இனி முடியாது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து வின்னி வீட்டுக் கதவைத் தட்டினேன். (வழியில் இரண்டு பஸ்கள் என்னைத் தாண்டிப் போயின.)

வின்னி சமையலறையில் நடந்துகொண்டிருந்தார். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் இடையில், உட்காராமல். நான் வாயெடுக்கும் முன்பே அவர் பேசத் தொடங்கினார்.

“எங்கள் கடைசிக் கச்சேரியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா செட்டு?” (என் பெயர் சேது. அவர் வாயில் அது செட்டாகிவிட்டது.) “அந்தப் பாட்டில் நான் தனியாகப் பாடும் இடம் வரும் இல்லையா, வாத்தியமே இல்லாமல்? அங்கே யாரோ சிரித்தார்கள். ஒரு ஆள் சிரித்தார், பிறகு பத்துப் பேர், பிறகு எல்லோரும். எதற்கென்று தெரியவில்லை. நான் மேடையை விட்டு இறங்கி வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூடப் பாடியதில்லை. முப்பது வருடம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறினேன், அங்கே யாருக்கும் நான் பாடினவள் என்று தெரியாது.”

நான் எதுவும் சொல்லாமல் நின்றேன். என் வாழ்க்கையில் முதல் முறை.

“சனிக்கிழமை ஒருவர் வந்து பதிவு செய்யப்போகிறார். நன்றாக வந்தால் சின்னதாக ஒரு இசைத்தட்டு போடுகிறேன் என்கிறார். நேற்றே போன் செய்து முடியாது என்று சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். அப்புறம் உன்னை நினைத்தேன். மேடையில் பாட்டு முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு ஆளாவது பக்கத்தில் இருப்பான் என்று போனை வைத்துவிட்டேன். நீ எதற்கு வந்தாய்?”

“சும்மாதான். வார்ம்-அப்,” என்றேன்.

சனிக்கிழமை. கச்சேரி மாலை மூன்று மணிக்கு. காலையில் ரவை தேடினேன். பவானி அக்கா ஷிப்டுக்குப் போய்விட்டார், அண்ணை ஏதோ வேலையாக வெளியே. டப்பாக்களைத் திறந்தால் அரிசி மா, உளுத்தம் மா, மிளகாய்த் தூள். ரவையைக் காணோம். கடைக்குப் போய்வர நேரம் இருந்தது, பொறுமை இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது: என் அலமாரியில் அம்மா கொடுத்தனுப்பிய உப்புமா மிக்ஸ். ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, முந்திரி, பெருங்காயம் எல்லாம் தாளித்துக் கலந்தது. வெந்நீர் ஊற்றினால் போதும்.

ரவை ரவைதானே? கடுகை மட்டும் பொறுக்கி எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதினொன்று எடுத்தேன். மிச்சம் ஆயிரம் இருந்தன. விட்டுவிட்டேன். தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு சம்படத்தில் போட்டுக்கொண்டு, மிருதங்கத்தைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஹாலில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் அந்தக் காலத்து ரசிகர்கள், குதிரைவால் நரைத்திருந்தது. ஓரத்தில் ஹெட்போன் மாட்டிய பதிவுக்காரர். இந்திய வாத்தியம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று சொல்லி, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் கம்பளி விரித்து, என்னை அவற்றின் உச்சியில் உட்கார்த்தி வைத்தார்கள். எனக்கு இடது பக்கம், முழங்கால் வலிக்காக நாற்காலியில் உட்கார்ந்தபடி, வின்னி. அவர் முகமும் என் தொப்பியும் ஒரே உயரம். என் முன்னால் ஒரு மைக். சுவருக்கும் வின்னிக்கும் நடுவில் அடைபட்டிருந்தேன். இறங்கிப் போக வேண்டுமென்றால் அவருக்கு முன்னால்தான் போக வேண்டும்.

பின்வரிசையில் சிவம் அண்ணையும் பவானி அக்காவும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களோடு இன்னொருவர். நெற்றி நிறையத் திருநீறு.

பரமு மாஸ்டரை ஏன் கூட்டிவந்தார் என்று அண்ணையைப் பிறகு கேட்டேன். “நீர் கஷ்டப்படுறீர் எண்டு விளங்கிச்சுது. ஒரு உதவிக்கு மாஸ்டர் இருந்தா நல்லதெண்டு யோசிச்சன்,” என்றார். நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் என்னை முடித்தது.

பாட்டு தொடங்கியது. முதல் சில நிமிடம் கிதாரும் குழலும்தான். வின்னியின் குரல் வந்தது. இசைத்தட்டில் கேட்ட குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு, அடியில் வேறு ஏதோ ஒரு கனம். என் முறை வந்ததும் ‘தா தீ தொம் நம்’ என்று ஆரம்பித்தேன். ஐம்பத்தாறாவது அடியில் சந்தித்தோம்! டென்னிஸ் புருவத்தை உயர்த்தினார். நூற்றுப் பன்னிரண்டில் மறுபடி சந்தித்தோம்! எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆறாவது நிமிடத்தில் பாட்டு ஐந்து அடிக்கு மாறும் என்பது இரண்டு வருடமாகத் தினமும் கேட்ட எனக்குத் தெரியும். ஆனால் என் கணக்கில் அதைச் சேர்க்க மறந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை. தேடிப் பிடிக்கலாம் என்று வேகத்தைக் கூட்டினேன். காலின் என்னைத் துரத்தினார். டென்னிஸ் காலினைத் துரத்தினார். பாட்டில் அந்தப் பெண், சீப்பைத் தேடி நடந்துபோக வேண்டிய இடத்தில், போலீஸ் துரத்துவது போல் ஓடினாள். ரவை உதிர ஆரம்பித்தது. ஒரு கடுகு டென்னிஸின் கண்ணாடியில் ‘டிக்’ என்று பட்டது. ஒரு முந்திரிப் பாதி அவர் மடியில் விழுந்தது. அவர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே ஊதினார்.

பிறகு வின்னி தனியாகப் பாடும் இடம் வந்தது. எல்லா வாத்தியமும் நிற்க வேண்டும். கிதார் நின்றது, குழல் நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, முதல் சொல்லைப் பாடினார். அந்தச் சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு மௌனம் இருந்தது. அந்தப் பாட்டின் உயிரே அந்த மௌனம்தான். என்னைவிட அது யாருக்குத் தெரியும்?

என் இடது கை தானாக உயர்ந்து, ‘தொம்’ என்று ஒரு அடி அடித்தது. அடித்த கை மறுபடி உயர்ந்தபோது தொப்பியில் இருந்த ரவை முழுவதும் உள்ளங்கையோடு சேர்ந்து எழுந்தது. ஒரு இட்லி அளவு இருக்கும். கையை விட்டுக் கிளம்பி, ஈரமாக, அமைதியாகப் பறந்து, வின்னி தார்ப்பின் கன்னத்தில் போய் உட்கார்ந்தது.

அவர் நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். கன்னத்திலிருந்து அதை எடுத்து, பார்த்து, முகர்ந்தார். அதில் ஒரு கறிவேப்பிலை இருந்தது.

“செட்டு, என்ன இது?”

பொய் சொல்லவோ சமாளிக்கவோ மூளையில் ஒன்றும் மிச்சமில்லை. முன்னால் மைக் இருப்பதும் நினைவில்லை.

“உப்புமா,” என்றேன்.

ஹால் முழுவதும் அது ஒலித்தது. அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அதில் சிவம் அண்ணையால் அடக்க முடியவில்லை. பின்வரிசையிலிருந்து பெரிய சிரிப்பாக வெடித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். பிறகு எல்லோரும்.

நான் வின்னியைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தது, எழுந்துவிடப் போகிறவர் போல. பூமி பிளக்கட்டும் என்று அதுவரை பேச்சுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நிஜமாகவே தரையைப் பார்த்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து பரமு மாஸ்டர் எழுந்து நடந்து வந்தார். அவசரம் இல்லாமல் வந்தார். மேடை ஏறி, வின்னிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் முன்னால் நின்றார்.

“கையை எடும் தம்பி.”

எடுத்தேன். அவர் தொப்பியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

“வறுத்த ரவை. நெய் வேறை. வறுத்தது ஒட்டுமோ?” என்று கேட்டார். பதில் எதிர்பார்க்கவில்லை. தோளில் இருந்த துண்டால் இடது முகத்தை, வலது முகத்தை, வாரை எல்லாம் பொறுமையாகத் துடைத்தார். உறையில் போட்டு முடிச்சுப் போட்டார். தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, ஹாலின் நடுவே நடந்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வின்னியும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தைத் துடைத்தார். “முதலிலிருந்து,” என்றார் காலினிடம்.

பத்தொன்பது நிமிடம். பெஞ்சின் மேல், எல்லோர் கண்ணுக்கும் படும்படி, மடியில் ஒன்றும் இல்லாமல், சம்மணம் போட்டு, மிருதங்கம் இருந்த இடத்தைக் கட்டிப்பிடிப்பது போல் கைகளை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். இறங்கவும் முடியாது, அசையவும் முடியாது. அசைந்தால் பெஞ்சு கிறீச்சிடும். என் மூக்கின் மேல் ஒரு ரவை காய்ந்துகொண்டிருந்தது. அதைக்கூடத் தொடவில்லை. தனியாகப் பாடும் இடம் வந்தபோது வின்னி கண்ணை மூடவில்லை. நேரே ஜனங்களைப் பார்த்துக்கொண்டு பாடினார். முதல் சொல், பிறகு அந்த மௌனம். யாரும் இருமக்கூட இல்லை. பவானி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைப்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பாட்டை நான் நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். முழுவதும் கேட்டது அன்றைக்குத்தான்.

(முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்ததால் பெஞ்சிலிருந்து நேராக டென்னிஸ் மேல் விழுந்தேன். அவர், “கவலை வேண்டாம், இன்ட்ரஸ்டிங்,” என்றார்.)

கூட்டம் கலைந்த பிறகு வின்னியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதம், இருமல், ஐம்பத்தாறு, உப்புமா மிக்ஸ். அவர் நாற்காலியை விட்டு எழாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உனக்கு வாசிக்கத் தெரியாது என்று ஒத்திகையிலேயே தெரியும்,” என்றார். “என்னைப் போலவே பயந்துபோன இன்னொரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் விட்டுவிட்டேன்.”

“ஆனால் அவர்கள் சிரித்தார்களே. என்னால்.”

“ஆமாம்.” கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே அந்த உருண்டை இருந்தது. “அன்றைக்கு எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது. இன்றைக்குக் காரணம் என் கையிலேயே இருக்கிறது. இது எவ்வளவோ மேல்.” பிறகு, “சாப்பிடலாமா இதை?” என்று கேட்டார்.

பரமு மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க அப்டன் பார்க் போனேன். கதவைத் திறந்தார், நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார், கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு ஹவுன்ஸ்லோவிலிருந்து கிழக்குக் கடைசிவரை எந்த நடன வகுப்பிலும் ‘அந்த இந்தியத் தம்பி’க்கு ஒரு ஜால்ராகூடக் கொடுப்பதில்லை என்று பவானி அக்கா மூலம் கேள்விப்பட்டேன்.

இசைத்தட்டு அடுத்த குளிர்காலத்தில் வந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில், பாட்டெல்லாம் முடிந்த பிறகு, இருபது விநாடி ஒரு சத்தம் இருக்கிறது. ஒரு தொம், ஒரு சப், ஒரு கேள்வி, என் பதில், அண்ணையின் சிரிப்பு. வெட்டிவிடலாம் என்று பதிவுக்காரர் எவ்வளவோ சொல்லியும் வின்னி ஒத்துக்கொள்ளவில்லையாம். அட்டையின் பின்பக்கத்தில் குரல், குழல், கிதார் என்று ஒவ்வொருவர் பெயராகப் போட்டு, கடைசி வரியில் ‘உப்புமா: சேது’ என்று போட்டிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வரன் பார்த்தார்கள். பெண் கும்பகோணம், லண்டனில் டாக்டர். போனில் முதல் முறை பேசும்போது, “உங்க பேரை இன்டர்நெட்ல தேடிப் பாத்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?” என்றாள்.

“கேளுங்க.”

“அந்த உப்புமா நீங்கதானா?”

“ஆமா,” என்றேன்.

“அப்ப சரி,” என்றாள் அபிராமி. எந்த அர்த்தத்தில் சரி என்றாள் என்று இத்தனை வருடமாக நான் கேட்கவில்லை. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் காபி கொடுத்த கையோடு அந்த இருபது விநாடியைப் போட்டுக் காட்டிவிடுவாள். சிவம் அண்ணை வந்தால் அவரே எழுந்து போட்டுக்கொள்வார். தன் சிரிப்பு பிசிறில்லாமல் பதிவாகியிருக்கிறது என்பதில் அவருக்கு இன்றும் பெருமை.

வின்னிக்கு இப்போது எண்பதுக்கு மேல். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அனுப்புவார், உறையில் ‘மிஸ்டர் எஸ். உப்மா’ என்று எழுதி. போன டிசம்பரில் உறை கொஞ்சம் பெரிது, கதவிடுக்கில் நுழையவில்லை. எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரர் மணியடித்தார். ஆறு வயது மகள் கதவைத் திறந்தாள்.

“மிஸ்டர் உப்மா வீட்டில் இருக்கிறாரா?”

அவள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. மாடிப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

“அப்பா! யுவர் போஸ்ட்!”